இரண்டு மீட்டர் கோடு

பிப்ரவரி 9

என் சட்டப்புத்தகத்துக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், இரண்டு மீட்டருக்குள் யாரும் வராதவரை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு என் குரல் தகரத்தில் ஆணியை இழுத்த மாதிரி இருக்கிறது. அதை உங்கள் காதில் போட எனக்கு மனசில்லை. போனில் தட்டி அனுப்பினால் நாலு வரியில் கோபம் தீர்ந்துபோகிறது. எனக்கு இப்போதைக்கு அது தீரக்கூடாது.

அக்கா வீட்டுக்குப் பத்து நாள் என்று சொல்லி வந்தேன். இன்றோடு பதினேழு. ஏன் இன்னும் வரவில்லை என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

தைராய்டுக் கட்டியை எடுத்த பிறகு மிச்சம் மீதியை எரிக்க என்று கதிர் வீசும் அயோடின் மருந்தை எனக்குக் கொடுத்தார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில், பத்து நாள் வீட்டின் பின்னறையில் தனியாக இருக்கச் சொன்னார்கள். அது டாக்டர் சொன்னது, அதில் எனக்குக் குறையில்லை. என் குறையெல்லாம் என் அளவு நாடாவைப் பற்றி. என் தையல் பெட்டியிலிருந்து கேட்காமல் எடுத்து, பின்னறை வாசலிலிருந்து அளந்து, தரையில் சிவப்பு டேப் ஒட்டினீர்கள். ஊரார் இடுப்பையெல்லாம் அளந்த நாடா அது. கட்டின பெண்டாட்டியிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்று அளக்க அதுதானா கிடைத்தது?

மத்தியானம் எக்ஸ்ரே டியூட்டி முடிந்து வந்து தட்டை வாசலில் வைப்பீர்கள். நடையில் என் சுவரை ஒட்டி ரேடியோவைப் பாடவிட்டுவிட்டு மறைந்துவிடுவீர்கள். துணைக்கு ஆள் வைத்த மாதிரி. அதுவும் பேட்டரி செத்த ரேடியோ. குரல் திரும்பியதா பார்க்கலாம் என்று நான் வாயைத் திறந்தால் போதும், அதன் சத்தம் தானாகக் குறைந்துவிடும். அதற்கும் என் குரல் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். பதினோராம் நாள் காலை டாக்டர் சொன்ன கணக்கு முடிந்து நான் வெளியே வந்தேனே, அப்போதும் நீங்கள் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றீர்கள். ஸ்டூலில் காபியை வைத்துவிட்டுப் போனீர்கள். ஏன்?

கோபத்தோடும் அன்போடும் (கோபம்தான் முதலில்),
உங்கள் தையல்காரி

*

பிப்ரவரி 15

என் அன்புத் தையல்காரிக்கு,

கடிதம் கிடைத்தது, மூன்று முறை படித்தேன். தண்ணீர் மோட்டாரைச் சரி செய்தாகிவிட்டது. உன் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். பக்கத்து வீட்டுக்காரி நீ தையல் வகுப்பெடுக்கும் குரல் கேட்காமல் தெருவே ஊமையாகிவிட்டது என்கிறாள்.

முதலில் ஒரு திருத்தம். உன் நாடா ஒன்றரை மீட்டர்தான். ஒரு முழு நாடா, பிறகு அதில் மூன்றில் ஒரு பங்கு வைத்து அளந்தேன். தூரம் இரட்டித்தால் கதிர் பாதியாகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை, கால் பங்காகும். மூன்று மடங்கு தள்ளிப்போனால் ஒன்பதில் ஒரு பங்கு. அதனால்தான் கோடு.

அலை, கதிர் என்றாலே நீ காதைப் பொத்திக்கொள்வாய். உன் பாஷையிலேயே சொல்கிறேன். உன் மெஷினில் துணி எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள். தையல் நீளத்தைக் கூட்டினால் நிமிஷத்துக்கு ஊசி குறைவாகக் குத்தும், குறைத்தால் அதிகமாகக் குத்தும். ரேடியோ அலை, விளக்கு வெளிச்சம், என் எக்ஸ்ரே, உன் அயோடின் வீசிய காமா கதிர் எல்லாம் ஒரே மெஷினில் தைத்ததுதான், எல்லாம் ஒரே வேகம்தான். ரேடியோவின் ஒரு தையல் நம் தெரு நீளம்கூட இருக்கும். வெளிச்சத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டாயிரம் தையல். எக்ஸ்ரேயில் கோடிக்கணக்கில். உன் அயோடின் கதிர் அதைவிடவும் பத்து மடங்கு நெருக்கம். தையல் நெருங்க நெருங்க ஒவ்வொரு குத்துக்கும் வலு ஏறும். ரேடியோ எத்தனை தடவை குத்தினாலும் அணுவின் நூல் பிரியாது, எக்ஸ்ரேயும் காமாவும் பிரித்துவிடும். பிரித்துப் போடத்தான் அந்த மருந்தைக் கொடுத்தார்கள்.

இன்னொன்று. சுவரைத் தாண்டி உனக்குக் கேட்டது ரேடியோ அலை அல்ல, வெறும் சத்தம். அது வேறு ஜாதி. ரேடியோப் பெட்டி வரைக்கும் வருவதுதான் நம் அலை.

பதினோராம் நாளைப் பற்றி நேரில் சொல்கிறேன்.

உன்,
சட்டப்புத்தகம்

*

மார்ச் 3

சட்டப்புத்தகத்துக்கு,

கேட்டது ஒன்று, வந்தது ஒரு பாடம். ஆனால் தையலை வைத்துச் சொன்னது புரிந்தது. இருபது வருஷத்தில் உங்கள் வேலையில் எனக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான். பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் சிரிக்கவும் செய்தேன்.

அடுத்ததையும் கேட்டுவிடுகிறேன். பத்தாம் நாள் சாயங்காலம் அக்கா வந்தபோது உங்களை வைத்துக்கொண்டே சொன்னாளே, “எக்ஸ்ரே ரூம்லயே கிடக்குறவரு, தெனம் சட்டையில கொண்டு வந்து அவ கழுத்துல வெச்சிட்டாரு” என்று. ஒரு கூட்டலில் தப்பு இருந்தால்கூட விடாமல் திருத்துகிற மனுஷர், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அதிலிருந்து எனக்கும் மனசில் ஒரு மூலையில் அரிக்கிறது. உங்கள் சட்டைகளை நான்தானே துவைத்தேன்?

இங்கே அக்கா முன்னறையை ஒழித்துப்போட்டிருக்கிறாள். மே மாதத்திலிருந்து இங்கேயே தையல் வகுப்பு ஆரம்பிக்கச் சொல்கிறாள். “சத்தமா பேசணும்னு இல்லடி, நான் உனக்குத் தொண்டையா இருக்கேன்” என்கிறாள். ஆரம்பித்துவிட்டால் அப்புறம் நான் இந்த வீட்டுக்காரிதான், தெரியும் அல்லவா?

அவளிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் எழுதுங்கள். கதிர், அலை எதுவும் இல்லாத ஒரு காரணம்.

தையல்காரி

*

மார்ச் 12

என் அன்புத் தையல்காரிக்கு,

சட்டையைப் பற்றி மட்டும் இப்போது எழுதுகிறேன். விளக்கை அணைத்த பிறகு வெளிச்சத்தைப் பையில் போட்டு எடுத்துவர முடியுமா? எக்ஸ்ரேயும் அப்படித்தான். சுவிட்சைவிட்டுக் கையை எடுத்த கணமே அது இல்லை. சட்டையில் ஒட்டாது, துவைக்கிற தண்ணீரில் வராது. உன்னிடம் இருந்த அயோடின் வேறு, அது மருந்துப்பொருள், தானாகவே வீசும். மெஷின் அப்படியல்ல. என்னிடமிருந்து உனக்கு எதுவும் வரவில்லை. இதை அக்காவுக்கும் படித்துக் காட்டு.

அந்தக் காரணத்தை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்,
சட்டப்புத்தகம்

*

ஏப்ரல் 5

யோசித்தது போதும். அக்கா வாடகைக்கு நாலு மெஷின் பேசிவிட்டாள். மே ஒன்றாம் தேதி வகுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே ரூம் ஏசிக்குப் போடும் நீல ஸ்வெட்டர் பெட்டிக்கு அடியில் இருக்கிறது.

தையல்காரி

*

ஏப்ரல் 19

என் அன்புத் தையல்காரிக்கு,

நேற்று ஆஸ்பத்திரியில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பயப்படாதே, முழுதும் படி.

என் சட்டையில் குத்தியிருக்குமே ஒரு பேட்ஜ், நீகூட “பள்ளிக்கூடப் பையன் மாதிரி” என்பாயே, அது என் மீது எவ்வளவு கதிர் பட்டது என்று பதிந்துகொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்க அனுப்புவார்கள். இருபத்திரண்டு வருஷமாக என் பெயருக்கு நேரே பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்குமான கணக்கில் இந்தத் தடவை ஓர் எண் வந்திருக்கிறது.

உடம்புக்கு ஒன்றும் செய்யாத சின்ன எண்தான். ஆனால் பாதுகாப்பு அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்கள். “இது நம்ம மெஷினோட கதிர் இல்ல சார். எங்க போய் வாங்கிட்டு வந்தீங்க?”

பேட்ஜுக்குள் மூன்று இடம் உண்டு. ஒன்று திறந்தது, ஒன்றின் மேல் பிளாஸ்டிக், ஒன்றின் மேல் உலோகத்தகடு. எங்கள் ரூம் கதிர் தகட்டிலேயே பெரும்பகுதி நின்றுவிடும். இந்தத் தடவை மூன்று இடத்திலும் ஒரே அளவு. தகட்டை மதிக்காமல் உள்ளே போயிருக்கிறது. அவ்வளவு நெருக்கமான தையல் எங்கள் மெஷினில் கிடையாது.

“வீட்ல வாங்கினது மேடம்” என்றேன்.

“வீட்ல அப்படி என்ன இருக்கு?”

“பெண்டாட்டி மேடம்.”

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை, உன்னிடமும்தான். ரேடியோ தனியாக இருக்கவில்லை. அந்தப் பத்து நாளும் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரைக்கும் சுவருக்கு இந்தப் பக்கம், ரேடியோவுக்குப் பக்கத்தில், தரையில் நான் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் உன் தலைமாடு. நடுவில் ஒரு மீட்டர்கூட இருக்காது. நான் ஒட்டின கோட்டை நானே தாண்டியிருந்தேன். இருமினால் உனக்குக் கேட்டுவிடும், கேட்டால் துரத்திவிடுவாய் என்றுதான் ரேடியோ. நீ “ஊசியில நூலைக் கோத்துக்குங்க, மடிப்பைப் பிரிங்க” என்று வகுப்பில் சொல்கிறதையே அந்தக் கட்டைக் குரலில் சொல்லிப் பார்ப்பாய். அது கேட்பதற்காகத்தான் சத்தத்தைக் குறைத்தேன். நீ இரண்டு வார்த்தை சொல்லி நிறுத்தும்போதெல்லாம் மீதி வார்த்தையை நான் மனசுக்குள் சொல்லி முடிப்பேன்.

டியூட்டி முடிந்ததும் பேட்ஜை ஆஸ்பத்திரியிலேயே மாட்டிவிட்டு வர வேண்டும், அதுதான் விதி. புது ஆட்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவனே நான். இரண்டு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்ற ஓட்டத்தில் பத்து நாளும் மறந்திருக்கிறேன். எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். கடைசி வரி: “ஆகவே மேற்படி அளவு என் மனைவியிடமிருந்து பெறப்பட்டது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.” அதிகாரியம்மா ஃபைலை வைத்து முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

பதினோராம் நாள். அக்கா முந்தின சாயங்காலம் சொன்னது பொய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். விளக்கு, பை என்று உனக்கு எழுதினேனே, அதெல்லாம் தெரிந்தும் அன்று இரவு அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை நான்தான் காரணமோ என்று ஒரு பயம். காலையில் நீ வெளியே வந்தபோது அந்தச் சட்டை என் மேல் இருந்தது. உன்னைத் தொட எனக்குக் கை வரவில்லை. நான் உனக்குப் பயந்து நிற்கவில்லை. எனக்குப் பயந்து நின்றேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் உனக்குப் பாடம் எடுத்தேன்.

கதிர் இல்லாத காரணம் ஒன்று கேட்டாய். மன்னித்துக்கொள், என்னிடம் இருக்கிற ஒரே காரணத்தில் கதிர் இருக்கிறது. நீ இல்லாமல் என்னால் முடியவில்லை. வந்துவிடு.

உன்,
சட்டத்தை மீறினவன்

*

ஏப்ரல் 24

என் திருட்டுச் சட்டப்புத்தகத்துக்கு,

அப்படியென்றால் அந்த ரேடியோவில் பேட்டரி நன்றாகத்தான் இருந்ததா? பாவம், மூன்று மாதமாக அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் அழுதேன், அப்புறம் கோபம் வந்தது. எனக்குத் தெரியாமல், என் மருந்துக்கு நேரே போய் உட்கார்ந்ததற்கு வந்து வைத்துக்கொள்கிறேன். கடைசியில் உங்கள் விளக்கத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் குரல் கம்மியது, ஆபரேஷனால் இல்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நான்தான் சொன்னேனே, சட்டையில ஏதோ இருந்துச்சுல்ல!” என்கிறாள். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனதை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததாகத் திருப்பிப் போட்டு ஜெயித்துவிட்டாள். நீங்களும் வந்து திருத்த வேண்டாம். வாடகை மெஷின்களைத் திருப்பி அனுப்பினதும் அவள்தான்.

நானும் ஒரு கணக்குப் போட்டேன். எட்டு நாளுக்கு ஒருமுறை அயோடின் பாதியாகும் என்று டாக்டர் சொன்னார். நான் மருந்து குடித்து இன்றோடு நூற்றிநாலு நாள். ஒரு துணியைப் பதின்மூன்று தடவை பாதி பாதியாக மடித்த மாதிரி. இனிமேல் என்னிடமிருந்து உங்கள் பேட்ஜுக்கு எதுவும் கிடைக்காது. வரும்போது அதை ஆஸ்பத்திரியிலேயே மாட்டிவிட்டு வாருங்கள்.

தரையில் ஒட்டின சிவப்பு டேப்பை நீங்கள் உரிக்கக் கூடாது. நான்தான் உரிக்க வேண்டும். நாடாவைச் சுருட்டித் தையல் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வாசலில் நின்று கூப்பிடுவேன். என் குரல் இப்போதைக்கு இரண்டு மீட்டர்தான் போகிறது. கேட்கவில்லை என்றால் கிட்டே வாருங்கள்.

உங்கள்,
தையல்காரி