நான்காம் பாத்தியின் மூச்சு

மே 3
காலை எட்டுக்கே கண் கூசும் வெயில். சுரங்கத்தில் தோண்டிக் கொட்டி, மரம் வளர்த்த மண்மேட்டில் என் ஆறு பாத்திகள். 1, 2, 3-க்குத் தண்ணீர் உண்டு. 4, 5, 6-க்குப் பிளாஸ்டிக் கூரை, ஒரு சொட்டு கிடையாது. நூறு நாள் காயவிட்டால் மண் என்னவாகும் என்று பார்க்கிறேன்; இன்னும் பத்து நாள். ஆராய்ச்சி முடியும். மாதக் கடைசியில் சுரங்க வேலையிலிருந்து அப்பா ரிட்டயர்மென்ட், குவார்ட்டர்ஸ் காலி, சொந்த ஊர் தென்காசிக்குப் பயணம். எல்லாம் சரியாகப் பொருந்துகிறது.

வாங்க வேண்டியவை: பாட்டில் மூடி, சல்லடை, கால் வெடிப்புக்குக் களிம்பு.

மே 6
காய்ந்த பாத்திகளில் விழுந்த இலை விழுந்தபடியே. மக்கச் செய்கிற நுண்ணுயிர்கள் தூக்கம். பாக்டீரியா முதலில் சுருண்டுவிடும், பூஞ்சை கொஞ்சம் தாங்கும். இலை மக்காவிட்டால் மரத்துக்குச் சாப்பாடு இல்லை. கூரையடியில் எனக்கும் கண் சொருகியது. மண் மூச்சு இழுப்பது கேட்டது. என் மூச்சுதான்.

தோட்ட வேலைக்குக் கான்ட்ராக்டில் வரும் செல்வி அக்கா: "இப்டி காயப் போட்டுகினு இருக்கியே, பாவமா இல்லியாம்மா?" சிரித்தேன்.

மே 9
பாட்டிலில் மண், கூடவே காரக் கரைசல். மண் விடும் மூச்சைக் கரைசல் குடித்துக்கொள்ளும். பிறகு அமிலம், சொட்டுச் சொட்டாக. கரைசலின் ரோஸ் நிறம் சீக்கிரம் வெளுத்தால் மூச்சு அதிகம். 5, 6: வெளுக்கவே மனமில்லை. 4: சட்டென்று வெளுத்தது. மறுபடி செய்தேன். அதேதான்.

நான்கைக் கிளறினேன். கீழே ஈரம். மழை வாசனை. அவ்வளவு நல்ல வாசனை, அழுகை வந்தது.

மே 10
அக்கா மறைக்கவில்லை. "நான்தாம்மா. தெனம் இதுங்கிட்டதான் குந்தி சோறு துன்னுட்டு மிச்சத் தண்ணிய ஊத்துவேன். மைன்ஸுக்குப் போன எங்க கொல்லை மண்ணும் இந்த மேட்டுலதான் எங்கியோ கெடக்குது."

"அறிவிருக்கா உங்களுக்கு?" கத்திவிட்டேன். வெட்கம்.

போனில் கைடு: "ரெண்டு பாத்தி பத்தாது. முதல்லேர்ந்து ஆரம்பிங்க. யார் ஊத்தினது?"
"தெரியல சார்."
சொன்னால் அக்காவை நாளைக்கே நிறுத்திவிடுவார்கள்.

மே 12
அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டுகிறாள். இன்னொரு நூறு நாள் நான் எங்கே தங்குவது? அப்பா பேப்பரைப் புரட்டுகிறார்.

மே 13
மேகம் மட்டும். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
"எங்க வூட்ல ஒரு ரூம்பு சும்மா கெடக்குது. வந்து இருந்துக்க."
சரி என்றேன்.
"மத்த ரெண்டும் செத்துப்போச்சாம்மா?"
"இல்லக்கா. தூங்குது."
நான்கில் கை வைத்தேன். மேல்மண் காயத் தொடங்கியிருந்தது. அக்காவும் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலை என் மடியில் வைத்தார்.
"இத நீயே வச்சிக்கம்மா. என் கைல இருந்தா ஊத்திடுவேன்."