முதலாளியின் முதல் காடை வேட்டை

ஹாயில், சவூதி

அன்பு நாகவள்ளிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? மாமாவின் இருமல் நின்றதா? மறைக்காமல் எழுது.

எனக்கு விசா கொடுத்த கபீல் அபு ஃபஹத் புதிதாகக் காடை வேட்டை பழகுகிறார். போனிலேயே பர்மிட் எடுத்து, வேட்டைக்குத் திறந்துவிட்ட பொதுநிலத்துக்குக் கடந்த வெள்ளிக்கிழமை என்னை வண்டியோட்டச் சொன்னார். பயப்படாதே, வெறும் ஏர்கன்தான்.

அவர் தடதடவென்று நடந்ததில் ஒரு பறவையும் தங்கவில்லை. காற்றுக்கு எதிராக, நின்று நின்று நடக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஒரு செடியடியில் காடை தெரிந்தது. அவர் குறிவைத்தார். செடிக்குப் பின்னால் ஆடு மேய்க்கும் சூடான்காரர் குனிந்திருந்ததை நான்தான் பார்த்தேன்.

“பாபா, கலாஸ், நிறுத்துங்க, பின்னால ஆள்” என்று கத்தி, துப்பாக்கியை மேலே தள்ளிவிட்டேன். குண்டு வானத்துக்குப் போனது.

முதலாளியை எதிர்த்தவனை மறுநாளே விமானம் ஏற்றியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் நேராகப் போய் அந்த மேய்ப்பரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். வண்டியில் ஏறியதும், “இனி நீ யல்லா சொன்னால்தான் சுடுவேன்” என்றார். நேற்றும் போனோம். இரண்டு தடவை வேண்டாம் என்றேன், துப்பாக்கியை இறக்கிவிட்டார். மூன்றாவது தடவை காடை கிடைத்தது. நானே வறுத்தேன்.

இங்கே மிளகில் காரமில்லை. லீவில் வந்திருக்கும் பரமனிடம் கால் கிலோ இடித்துக் கொடு. இன்னொன்று, போனில் பேசி முடித்ததும் கட் பண்ணாதே. அடுப்படியில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். நான் சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன்.

வெளியே முதலாளி ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

உன்
வீரணன்