தொட்டிக்குள் இருந்தவள்

லெஃப்கேஸ், பாரோஸ் தீவு
11 ஜூன் 1979

பிரியமுள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் சுகம்தானே? ஈஸ்டருக்கு நான் அனுப்பிய பாலாடைக்கட்டி வந்து சேர்ந்ததா என்று ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. பிரேயஸில் கடை வைத்தவர்களுக்குத் தங்கச்சி ஞாபகம் எங்கே வரப்போகிறது! போகட்டும். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அண்ணி கண்ணில் பட வேண்டாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஊர்ப் பெண்கள் எல்லோரும் பஸ் பிடித்து பாரிகியா அருங்காட்சியகத்துக்குப் போனோம். புது அறை ஒன்று திறந்திருக்கிறார்கள். ஞாயிறு டிக்கெட் கிடையாது, அதனால்தான் எங்கள் ஊர்க்காரிகளுக்குத் திடீரென்று சரித்திரத்தில் அக்கறை வந்துவிட்டது. துணியில்லாத ஆம்பளைச் சிலைகளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தபடியே புது அறைக்குள் போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அண்ணா, அவள் அங்கே நிற்கிறாள். நம் தொட்டிக்குள் இருப்பவள்.

பலகைக் கல்லில் செதுக்கிய, கையில் வாத்தைப் பிடித்திருக்கும் அதே பெண். இடுப்புவரைதான் இருக்கிறது, அதற்குக் கீழே இரும்புச் சட்டம். இடது கன்னத்தில் அந்த வெட்டு. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டும்போது உன் கடப்பாரை பட்ட இடம். நான் பக்கத்தில் நின்று பார்த்தேனே. அரசாங்கத்துக்குத் தெரிந்தால் நிலத்தை முடக்கிவிடுவார்கள் என்று நீதான் சொன்னாய். என் வீட்டுக்காரர் ஸ்தாத்திஸ் படகோடு சீரோஸ் போயிருந்த வாரம் அது. ஸ்தாத்திஸ் துறைமுகத்தில் எல்லாவற்றையும் உளறுவார், அவருக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். நாம் இரண்டு பேரும் கயிறு கட்டி அவளை முழுசாக மழைத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினோம். சுவரோடு சாய்த்து நீ சுண்ணாம்பு பூசினாய்.

அவள் எப்படி வெளியே வந்தாள்? நேற்றிலிருந்து அந்தத் தொட்டித் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. முற்றத்தில் மூடிமேல் கால் வைக்கவும் பயமாக இருக்கிறது. சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை,
செவஸ்தி


பிரேயஸ்
19 ஜூன் 1979

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். பாலாடைக்கட்டி வந்தது, உப்புத்தான் கொஞ்சம் தூக்கல். அண்ணி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

அந்தக் காலத்துக் கல்லறைக் கற்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், செவஸ்தி. ஒரே பட்டறையில் நூறு செய்து அடுக்கி வைத்திருப்பார்கள். செத்துப்போன ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஒரு பறவையைக் கொடுத்துவிடுவார்கள். மூக்கும் கன்னமும் உடையாத கல் எங்கே இருக்கிறது? நம்பிக்கை இல்லையென்றால் தீவில் இருக்கும் மற்ற இடங்களையும் போய்ப் பார். ஆனால் பாரிகியா அருங்காட்சியகத்துக்கு மட்டும் திரும்பப் போகாதே. ஒரே கல் முன்னால் ஒருத்தி இரண்டு தடவை நின்றால் காவலுக்கு இருப்பவர்களுக்குச் சந்தேகம் வரும்.

ஆகஸ்ட் கடைசியில் வழக்கம்போல வந்து தொட்டியை இறைத்துச் சுண்ணாம்பு அடித்துத் தருகிறேன். அதுவரை யாரையும் உள்ளே இறங்க விடாதே. உள்ளே காற்று கெட்டிருக்கும், ஆளையே கொன்றுவிடும்.

உன் அண்ணன்,
அனார்கிரோஸ்


லெஃப்கேஸ்
2 ஜூலை 1979

அன்புள்ள அண்ணா,

நீ சொன்னபடியே போய்ப் பார்த்தேன். நூறு வாசல் கோயிலில் வைத்திருக்கும் படங்களைப் பார்த்தேன். யாரோ கண்ணைச் சுரண்டி எடுத்த புனிதர்கள் வரிசையாக என்னையே பார்த்தார்கள். மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ஓடி வந்துவிட்டேன். நௌசாவுக்குப் போய் அங்கே ஒரு வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் பழைய கற்களையும் பார்த்தேன். உடைந்த மூக்கு நிறைய இருந்தது, அதில் நீ சொன்னது சரி. ஆனால் ஒன்றுகூட அவள் மாதிரி இல்லை.

நேற்று மறுபடி பாரிகியா அருங்காட்சியகத்துக்கே போனேன். திட்டாதே. நீ போகாதே என்று எழுதியதால்தான் போகாமல் இருக்க முடியவில்லை.

காவலுக்கு இருப்பது கரிக்லியா என்ற அம்மாள். எப்போதும் ஏதாவது பின்னிக்கொண்டு இருக்கிறாள். நானாக ஒன்றும் கேட்கவில்லை. அவளே பக்கத்தில் வந்து நின்று, "இந்தப் பொண்ணு பாவம்க்கா. இவளைப் படகுல புடிச்சாங்க. அறுபத்து மூணுல, பிரேயஸ் துறைமுகத்துல. சீஸ் பெட்டிக்குள்ள வைக்கோலைச் சுத்திப் படுக்க வெச்சிருந்தான் கடன்காரன். ஏதென்ஸ்ல கெடங்குல கெடந்து இப்பத்தான் ஊருக்கு வந்திருக்கா" என்றாள்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய நாற்காலியிலேயே என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

அறுபத்து மூன்றில் பிரேயஸில் பிடிபட்ட பாரோஸ் படகு எத்தனை அண்ணா? எனக்குத் தெரிந்து ஒன்றுதான். என் வீட்டுக்காரர் அதற்காகப் பதினாலு மாசம் ஜெயிலில் இருந்தார். வெளியே வந்ததும், "அந்தப் பெட்டியை உன் அண்ணன்தான் ஏத்தினான், சீஸ்னு சொன்னான்" என்று என்னிடம் சொன்னார். நீயோ அது நாக்சோஸ் வயலில் கிடைத்த ஏதோ கல், அவர் ரொம்ப நாளாக இந்தத் தொழில்தான் பார்க்கிறார் என்றாய். நான் உன்னை நம்பினேன். நம் கல்தான் தொட்டிக்குள் பத்திரமாக இருக்கிறதே என்று நினைத்தேன். என் கூடப் பிறந்தவன்மேல் பழி போடுகிறாயா என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினேன். அவருடைய தட்டைத் தனியாக வைத்தேன். அவர் சாகும்வரை ஆறு வருஷம் இந்த வீட்டில் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. போலீசுக்கு இல்லை. 'நான் இல்லை' என்று ஒரு வார்த்தை எழுது. எழுதினால் நம்பிவிடுவேன்.

உன் தங்கை,
செவஸ்தி


பிரேயஸ்
8 ஜூலை 1979

செவஸ்தி,

வாயை மூடிக்கொண்டு இரு. அந்தப் பொம்பளையிடம் வேறு என்னென்ன பேசினாய் என்று யோசித்து வை, வந்ததும் கேட்பேன்.

ஆகஸ்ட் வரை காத்திருக்கப் போவதில்லை. பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமைக் கப்பலில் வருகிறேன். தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டு வை. சுண்ணாம்பு நானே கொண்டுவருகிறேன். நான் உள்ளே வேலை செய்யும்போது நீ வீட்டில் இருக்க வேண்டாம், கோயிலுக்குப் போய்விடு.

ஒன்றை மறந்துவிடாதே. அன்றைக்குக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவள் நீ. நான் ஜெயிலுக்குப் போனால் நீயும் வருவாய், ஐம்பத்திரண்டு வயசில். யாராவது கேட்டால் எல்லாம் ஸ்தாத்திஸ் செய்தது என்று சொல். ஏற்கெனவே அவர் பெயர்தான் கெட்டுக் கிடக்கிறது. செத்தவருக்கு வலிக்கப் போவதில்லை.

அனார்கிரோஸ்


லெஃப்கேஸ்
16 ஜூலை 1979

அனார்கிரோஸுக்கு,

நான் கேட்ட ஒரு வார்த்தையை நீ எழுதவில்லை. கடிதத்தை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

போன வியாழக்கிழமை காலை தொட்டியை இறைத்தேன். கோடையானதால் தண்ணீர் முழங்காலளவுகூட இல்லை. மூடியைத் திறந்து வைத்து, நீ சொன்ன கெட்ட காற்றுக்குப் பயந்து ஒரு விளக்கை முதலில் இறக்கிப் பார்த்தேன். அது அணையவில்லை. ஏணியில் பாதி இறங்கி இரண்டு தடவை மேலே ஏறி வந்துவிட்டேன். மூன்றாவது தடவை இறங்கிச் சுத்தியலால் சுண்ணாம்பைத் தட்டினேன். மேல்பாதியில் உடைந்த செங்கல்லும் சல்லியும்தான் இருந்தது. கீழ்ப்பாதியில் அவளுடைய பாவாடை மடிப்பும் இரண்டு பாதமும். நடுவில் ரம்பத்தால் அறுத்த தடம், ரொட்டியை அறுத்த மாதிரி நேராக. தனியாளாக முழுக் கல்லையும் மேலே தூக்க முடியாதுதானே.

வருஷா வருஷம் ஆகஸ்டில் கப்பல் ஏறி வந்து தங்கைக்குத் தொட்டி வெள்ளையடிக்கும் அண்ணனை ஊரே மெச்சியது. நான் மெச்சியதற்கு அளவே இல்லை. நீ வரும் நாளில் ஆட்டுக்கறி சமைத்து வைத்துவிட்டு வாசலில் நிற்பேன். அந்த மேஜையின் ஓரத்தில்தான் ஸ்தாத்திஸ் தனித் தட்டில் சாப்பிட்டார். நீயும் அவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாய்.

மறுநாள் பாரிகியா போய்க் கரிக்லியாவிடம் சொன்னேன். அவள் பின்னலைக் கீழே வைத்துவிட்டு, "நெஜமாத்தான் சொல்றியாக்கா? யோசிச்சுக்கோ, சொன்னா திரும்ப எடுக்க முடியாது" என்றாள். நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பஸ் ஏறித் திரும்பி வந்திருப்பேன். சனிக்கிழமை அதிகாரிகள் நாலு பேர் வந்தார்கள், கூடவே போலீஸ். முற்றம் முழுக்க ஊர் கூடிவிட்டது. அவளுடைய பாதங்களைக் கம்பளியில் சுற்றி மேலே எடுத்தார்கள்.

பிறகு அந்தப் போலீஸ்காரர் என் சமையலறையில் உட்கார்ந்து, இதை உள்ளே வைத்தது யார் என்று கேட்டார். உன்னிடம் மறைக்க மாட்டேன். ஸ்தாத்திஸ் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். 'ஸ்தா' என்பதுவரை வந்தும்விட்டது. பதினாறு வருஷம் பழகிப்போன பொய், அது பாட்டுக்கு வருகிறது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்தேன் என்றேன். மறுமுனையைப் பிடித்தவன் பெயரையும், அறுபத்து நாலில் அவன் பிரேயஸில் திறந்த கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. பயம் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று கல்லறைக்குப் போய் ஸ்தாத்திஸிடம் பேசினேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் படகுக்கு இந்த வருஷம் வர்ணம் அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அழுதேன்.

நாளைக் கப்பலில் இந்தக் கடிதம் போகிறது. வியாழக்கிழமை நீ கிளம்பும் முன்னால் உன் கைக்கு வந்துவிடும். வருவதென்றால் வா. துறைமுகத்தில் உனக்காகக் காத்து நிற்பவர்களில் நான் இருக்க மாட்டேன்.

செவஸ்தி,
ஸ்தாத்திஸின் மனைவி