பௌர்ணமி கழிந்து நாலாம் நாள்

ஜூன் 2, திங்கள்

மே மாதக் கணக்கு வந்தது. கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் எங்கள் தொண்டு நிறுவனம் நடத்தும் சர்க்கரை நோய் கிளினிக்குக்கு அறுபத்தொரு பேர் ஆப்பில் நாள் குறித்திருக்கிறார்கள். வந்தவர்கள் பத்தொன்பது. மாதம் ஒருமுறை ரத்தம் பார்த்து மாத்திரை வாங்கிப் போக வேண்டும், அவ்வளவுதான். எந்த நாள் வசதி என்று அவர்களேதான் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்தெடுத்துவிட்டு வராமல் இருக்கிறார்கள்.

சென்னையிலிருந்து சக்கரபாணி சார் பேசினார். நிறுவனத்தின் எல்லா ஆப்புக்கும் அவர்தான் பொறுப்பு. "செப்டம்பர் முடியறதுக்குள்ள பாதிப் பேருக்கு மேல வரணும் எழிலரசி. இல்லன்னா ஆப்பை நிறுத்திட்டு பழையபடி சீட்டு எழுதிக் குடுத்துடலாம்."

சீட்டு எழுதிக் கொடுத்தபோது மட்டும் கூட்டம் அலைமோதியதா? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எட்டு மாத வேலை. முதன்முதலாக முழுக்க நானே வடிவமைத்த ஆப்.

இதில் அம்மா வேறு, ஊரிலிருந்து போன். "சனிக்கிழமை வரேன்னியே, ஏன் வரல?" நான் சொன்னது 7-ம் தேதி. அது இன்னும் வரவே இல்லை. அம்மாவுக்கு ஞாபகம் கம்மியாகிக்கொண்டு வருகிறது.

ஜூன் 5, வியாழன்

யார் எப்படி ஆப்பைத் தொடுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் என் வேலையில் பாதி. இதை முன்பே ஒழுங்காகச் செய்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

கிரிவலப் பாதையில் கற்பூரமும் சுண்டலும் விற்கும் வெள்ளையம்மாள் கடையில் உட்கார்ந்தேன். மூன்று மாதமாக கிளினிக் பக்கம் வராதவர். கால் கட்டைவிரலில் ஆறாத புண். போனைக் கொடுத்து நாள் குறிக்கச் சொன்னேன். ஒரு கணம்கூட யோசிக்காமல் 18-ஐத் தொட்டார்.

"ஏன்க்கா பதினெட்டு?"

"நடுவுல இருந்துச்சு. கைக்கு எட்டுச்சு. எத்தத் தொட்டா இன்னாம்மா, அது பச்சையாயிடுதே."

ஜூன் 6, வெள்ளி

பதிவுகளைப் பார்த்துவிட்டேன். மே மாதம் அறுபத்தொரு பேரில் முப்பத்துமூன்று பேர் தொட்டது 13, 14, 15. நாள்காட்டியின் நட்டநடுக் கட்டங்கள். இரண்டு மாதத்துக்கு முன் கட்டங்களைப் பெரிதாக்கி, பச்சை வண்ணமும் கொடுத்து, நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். அட மக்கு.

ஜூன் 13, வெள்ளி

இன்று தேதியே கேட்கவில்லை. வெள்ளையம்மாளிடம் வேறு ஏதேதோ கேட்டேன். மகள் எப்போது வந்தாள்? "போன மாசப் பௌர்ணமி கழிச்சு மூணாம் நாள்." கடலை எப்போது வாங்குவீர்கள்? "பௌர்ணமிக்கு நாலு நாள் முன்னாடி." கடை கடையாகப் பத்து பேரிடம் கேட்டேன். ஒன்பது பேர் வாயில் பௌர்ணமிதான் வந்தது. பத்தாவது ஆள் அமாவாசை என்றார்.

இவர்கள் மாதம் முழுவதையும் கிரிவலக் கூட்டம் வரும் அந்த ஓர் இரவிலிருந்துதான் எண்ணுகிறார்கள். நான் அவர்களிடம் முப்பது கட்டங்களை நீட்டியிருக்கிறேன். பஸ்ஸில் நின்றுகொண்டே சிரித்தேன். பக்கத்திலிருந்தவர் தள்ளி நின்றார்.

ஜூன் 16, திங்கள்

"ஜோசிய ஆப் பண்றோம்னு சிரிப்பாங்க." தேதிக்குப் பதில் பௌர்ணமியிலிருந்து நாள் எண்ண வைக்கலாம் என்றதற்கு சார் சொன்னது இதுதான்.

சிரிக்கட்டும். சிரிச்சா என்ன இப்ப? வெள்ளையம்மா கால் போச்சுன்னா யார் சிரிப்பா? — இதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "சரி, அந்த ஒரு ஊருக்கு மட்டும் போட்டுப் பாரு" என்றார்.

ஜூலை 3, வியாழன்

எங்கள் புரோகிராமர் அருணேஷ், இந்த ஊர்ப் பையன், புதுத் திரையை முடித்துவிட்டான். திரையின் நடுவில் ஒரு முழு நிலா. இடப்பக்கம் 'முன்னாடி', வலப்பக்கம் 'அப்புறம்', எத்தனை நாள் என்று எண்கள். வேறு ஒன்றும் இல்லை.

வெள்ளையம்மாள் உடனே தொடவில்லை. விரலை மடக்கி மடக்கி எண்ணினார். பிறகு 'அப்புறம்', 4.

"மூணு நாள் தூங்கணும். நாலாம் நாள் பாத்திரம் கழுவி வச்சிட்டு சும்மாத்தான் இருப்பேன்."

இத்தனை மாதத்தில் ஒருவர் காரணத்தோடு நாள் குறிப்பதை இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

வெள்ளையம்மாள் குறித்த நாளில் வந்துவிட்டார். புண்ணுக்குக் கட்டும் போட்டாயிற்று.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்கு நர்ஸ் ரேவதி போன் செய்தாள். வாசலில் முப்பத்தொரு பேர். அவர்கள் எல்லோரும் அவள் பட்டியலில் நாளைக்கு இருக்கிறார்கள். ரத்தம் எடுக்கிறவரும் நாளைக்குத்தான் வருவார்.

அருணேஷும் நானும் ஓடினோம். வெள்ளையம்மாள் முன்னால் நின்றார். "உங்க போனுக்கு இந்த ஊரு பௌர்ணமி தெரியலயேம்மா."

காலையில் இருக்கும் திதியை வைத்து ஆப் 9-ம் தேதியைப் பௌர்ணமியாக எடுத்திருக்கிறது. ஊர் கிரிவலம் போனது 8-ம் தேதி இரவு. அருணேஷின் அப்பா சோமசேகரன், கோயில் குருக்கள். அவன் அங்கேயே நின்று அவருக்குப் போன் போட்டான். "கிரிவலம் எந்த ராத்திரின்னு கோயில்ல சொல்றாங்களோ, அதுதான்டா ஊருக்குப் பௌர்ணமி. முன்னாடியே கேட்டிருக்கலாமே." பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அவமானமாக இருந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று.

ரேவதி கையுறையை மாட்டிக்கொண்டு தானே ரத்தம் எடுக்க உட்கார்ந்தாள். இரண்டு மணிக்கு முடித்தாள். ஓரமாக நின்ற எனக்கு அழுதுவிடுவேன் போலிருந்தது. அருணேஷ் பட்டியலைக் கொண்டுவந்து காட்டினான்.

"அக்கா, நாலாம் நாள்னு குறிச்சவங்க முப்பத்தொரு பேரு. முப்பத்தொரு பேரும் வந்திருக்காங்க. ஒருத்தர்கூட தவறல."

நானும் எண்ணிப் பார்த்தேன். ஆமாம். தப்பு எங்களுடையது மட்டும்தான். அதை இன்று சாயங்காலமே அவன் திருத்திவிட்டான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இந்த மாதம் நூற்றுப் பன்னிரண்டு பேர் குறித்தார்கள். தொண்ணூற்றேழு பேர் வந்தார்கள்.

நூற்றுப் பன்னிரண்டில் தொண்ணூற்றேழு! ஒரு தடவை எழுதினால் போதவில்லை.

சக்கரபாணி சார் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நிலாத் திரையைக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் என்னிடம் வந்து, "நான்தான் அன்னிக்கு ஜோசியம்னேன்" என்றார். கடற்கரையோர ஊர்களில் இருக்கும் எங்கள் கிளினிக்குகளுக்கும் இதையே போடலாமா என்று கேட்டார். வேண்டாம் சார், முதலில் போய் உட்கார்ந்து அவர்கள் எதிலிருந்து எண்ணுகிறார்கள் என்று பார்க்கிறேன் என்றேன். "எப்ப கிளம்பற?" என்றார். கிளம்பறியா என்று கேட்கவில்லை.

பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள்

வெள்ளையம்மாளின் புண் முழுக்க ஆறிவிட்டது. புதிதாகக் கடை போட்டிருக்கும் பக்கத்துக் கடைக்காரிக்கு அவரே நாள் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நின்றதைக் கவனிக்கவே இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மா போன். எப்போது வருகிறாய் என்று வழக்கமான கேள்வி. வாயில் தானாக வந்தது.

"பௌர்ணமி கழிச்சு அஞ்சாம் நாள் வரேம்மா."

"அஞ்சாம் நாளா? சனிக்கிழமையாச்சே. அப்ப ரெண்டு நாள் தங்கிட்டுத்தான் போவணும்."

எண்ணக்கூட இல்லை, அப்படியே சொன்னாள். என்ன தேதி என்று நான்தான் போனை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.