உறவா என்று கேட்ட மஞ்சள் கம்பெனி

சக்காப்பு ஊரிலிருந்து,
கல்லறைப் பூக்கள் வாடத் தொடங்கிய வாரம்.

அன்பு மகள் யுரிடியாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் தம்பியும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த ஊர்க் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

அக்கா, மேலே இருப்பது மட்டும்தான் அப்பா எழுதியது. அதற்கே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. பிறகு பேனாவை என் பக்கம் உருட்டிவிட்டு, "மிச்சத்த நீ எழுதுடா, கிட்டார் பிடிச்ச கைக்கு இது வரல" என்றார். போன் போட்டுப் பேசிவிடலாமே என்றேன். "போன்ல பேசித்தானடா கெட்டுது" என்றார். ஆகவே இனி அவருக்குப் பதிலாகத் தம்பி எலெயாசார். இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், அம்ப்ரிஸ் குடும்பத்தின் கடைக்குட்டிக்கு மேலுதட்டில் மீசை அரும்பிவிட்டது. கோயில் மணி அடிக்கப்படவில்லை, நகராட்சி விடுமுறை விடவில்லை, இருந்தாலும் செய்தி உண்மை. நபோர் மாமா வயலினைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இது மீசை இல்லடா மருமவனே, ஆசை" என்றார். பொறாமை, வேறென்ன. மீசையோடு பதவியும் வந்தது. நம் மரியாச்சிப் பாட்டுக் குழுவுக்கு நிதியமைச்சர் நான்தான். நிதி கிடையாது, அமைச்சர் மட்டும் உண்டு.

அந்தப் பதவி ஏன் காலியானது என்று உனக்குத் தெரியும். வடக்கே போன நம் ஊர்க்காரர்கள் தங்கள் அம்மா அப்பா கல்லறையில் பாடச் சொல்லி அனுப்புகிற பணமெல்லாம் அம்மா கையில்தான் வந்துகொண்டிருந்தது. ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள், அவள் ஏப்ரன் பையில் போட்டுக்கொள்வாள், எந்தக் கல்லறைக்கு எந்தப் பாட்டு என்பது அவள் தலைக்குள்ளேயே இருக்கும். இப்போது அந்த ஏப்ரன் சமையலறை ஆணியில் தொங்குகிறது, அப்பா அதைத் துவைக்க விடுவதில்லை. பணத்தை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நம் வாடிக்கைக்காரர்கள் பக்கத்து ஊர்க் குழுவிடம் போக ஆரம்பித்தார்கள். அதனால் இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, அங்கே கார்டு எண்ணை அடித்தால் இங்கே வங்கியில் பெசோவாக விழுகிற மாதிரி, நடுவில் நின்று வாங்கிக் கொடுக்க ஒரு கம்பெனியைத் தேட வேண்டியதாகிவிட்டது. எல்லாக் கம்பெனியும் கமிஷன் பிடிக்கும். கமிஷன் என்றால் நமக்குக் கம்மி என்று அர்த்தம். நீலச் சின்னம் போட்ட கம்பெனி கொஞ்சமாகப் பிடிக்கும், ஆனால் வேலை முடிந்ததற்கு அத்தாட்சியாகப் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தைக் கேட்டது. பெற்றுக்கொள்கிறவர் மண்ணுக்கடியில் படுத்திருக்கிறாரே, நான் வேண்டுமானால் பேனாவோடு போய்க் கல்லைத் தட்டிப் பார்க்கட்டுமா என்றேன். நபோர் மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, "எல்லாமே உனக்கு வெளையாட்டாடா, அங்க உங்கம்மாவும்தான் படுத்திருக்கா" என்றார். நான் நீலத்தின் பக்கத்தை மூடிவிட்டேன். மஞ்சள் கம்பெனி அதிகம் பிடிக்கும், ஆனால் மறுநாளே பணம், கையெழுத்து கிடையாது. கேள்வியே கேட்காத கம்பெனி, இதுதான் நமக்குச் சரி என்று மார்தட்டி மஞ்சளைத் தேர்ந்தெடுத்தவன் அடியேன். இறந்தோர் நாளுக்கு முன்பே பாட்டுக் கோரிக்கைகள் வந்து குவிந்தன. நபோர் மாமா அந்தப் பணத்தை நம்பிப் பல் கட்ட டாக்டரிடம் நாள்கூடக் குறித்துவிட்டார்.

அந்தக் குவியலில்தான் மார்த்தா ரொசாஸ் என்றொரு பெண்மணி வடக்கே யாக்கிமாவிலிருந்து பணம் கட்டியிருந்தாள். கல்லறை எங்கே என்று கேட்ட இடத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் தையல்காரர் கல்லறையை அடுத்தது என்று எழுதியிருந்தாள். அங்கே அம்மாதான் இருக்கிறாள். நான் நம் பழைய வாடிக்கைக்காரர் யாரோ அம்மாமேல் உள்ள பிரியத்தில் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து அப்பாவுக்கு உரக்கப் படித்தேன். கீழே குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும் இல்லையா, அதில், எலுமிச்சை மரப் பாட்டை ஒரு சுருதி இறக்கிப் பாடுங்கள், சாமந்தியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அவருக்குத் தும்மல் வரும், என்று இருந்தது. அப்பா ட்யூன் செய்துகொண்டிருந்த தந்தியை அப்படியே விட்டுவிட்டார். இன்னொரு தடவை படி என்றார். படித்தேன். தும்மல் என்ற இடத்தில் எனக்கும் புரிந்துவிட்டது. வருஷா வருஷம் செத்தவர்களை வரவேற்க அம்மா பலிபீடம் கட்டும்போது சாமந்திக்குள் தலையை விட்டுத் தும்மித் தும்மி, செத்தவங்க வர்றதுக்குள்ள நான் போயிடுவேன் போலிருக்கே என்பாளே, அது வெளியாள் யாருக்குத் தெரியும். அப்பா எழுந்து போய் ஏப்ரன் பக்கத்தில் நின்றார்.

அக்கா, நீ இணையப் பக்கத்தில் பேரை மாற்றிப் போட்டாய், கார்டு போட்டுக்கொடுத்துவிட்டது. கேள்வியே கேட்காத மஞ்சள் கம்பெனி மறுநாள் ஒரு கேள்வி கேட்டது. கார்டில் இருக்கிற குடும்பப் பெயரும் கணக்கு உரிமையாளரின் குடும்பப் பெயரும் ஒன்றாக இருக்கிறது, பணம் கட்டியவர் உங்களுக்கு உறவா? கீழே இரண்டு பொத்தான், உறவு, உறவில்லை. சொந்தக்காரர் காசை அந்த வழியாக ஓட்டக் கூடாது என்பது அவர்கள் சட்டம், ஏமாற்று வேலை நடக்குமாம். உறவு என்று போட்டால் உன் பணம் உனக்கே திரும்பும், அதோடு மற்றவர்கள் கட்டிய பணமும் விசாரணை முடியும்வரை பூட்டப்படும். சீசன் போச்சு. நான் அமைச்சர் இல்லையா, உடனே முடிவு சொன்னேன். "அப்பா, ஒரு பொத்தான்தான். உறவில்லன்னு போட்டா முடிஞ்சுது. அக்கா தப்பா நெனைக்க மாட்டா, அவளே வேற பேருலதான வந்திருக்கா." அப்பா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். "இல்லன்னு ஒரு தடவ சொல்லியாச்சுடா. அது போதும்" என்றார். எதைச் சொன்னார் என்று உனக்கு நான் எழுத வேண்டாம். அம்மாவை அடக்கம் செய்த அன்று அவர் போனில், மண்ணு போட வராதவ எனக்கு மகளே இல்ல என்று கத்தியபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். முறையான காகிதம் இல்லாத நீ எல்லையைத் தாண்டி வந்தால் திரும்பப் போக முடியாது, குழந்தை அங்கே என்பதெல்லாம் அவருக்கு அன்றைக்கே தெரியும். முன்பெல்லாம் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா நிற்பாள், நீ சொன்னதில் பாதியையும் அவர் சொன்னதில் பாதியையும் விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் அந்தப் பக்கம் கொடுப்பாள். அன்றைக்கு நடுவில் யாரும் இல்லை.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால், உறவு என்பதைத் தொட்டார். என்ன உறவு என்று அடுத்த கட்டம் வந்தது. மகள் என்று அடித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம், மூத்த மகள் என்று திருத்தினார். சாயங்காலத்துக்குள் எல்லாப் பணமும் பூட்டப்பட்டது. நபோர் மாமா வந்து குதித்தார், "ஏய்யா ஃபிதென்சியோ, வருஷம் பூராவும் நல்லாத்தான இருந்த, சீசன் நேரத்துல உண்ம பேசுற வியாதி எங்கேருந்து வந்துச்சு? என் பல்லுய்யா அது!" அப்பா போனை அவரிடம் நீட்டினார். மாமா குறிப்பைப் படித்தார், தும்மல் வரைக்கும் படித்தார், பிறகு "சரி, பல்லு இல்லாமலும் வயலின் வாசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வயலின் வில்லுக்கு ரோசின் தேய்க்கப் போய்விட்டார். பணம் வந்தாலும் வராவிட்டாலும் ஒத்துக்கொண்ட கல்லறைகளில் எல்லாம் பாடினோம். இனிமேல் நீலக் கம்பெனிதான். பெற்றுக்கொண்டவர் கையெழுத்துக்கும் வழி பிறந்துவிட்டது, கல்லறைக் காவலர் க்ரிஸ்பின் எல்லாப் பிணத்தின் சார்பிலும் போடுகிறார். தலைக்கு ஒரு ரொட்டி அவர் கூலி. செத்தவர்களுக்காகத் தின்றே மனிதர் பெருத்துவிடுவார்.

அம்மாவுக்கு மட்டும் காலையிலேயே பாடினோம். சாமந்தியை எல்லாம் அள்ளித் தையல்காரர் கல்லறைக்கு மாற்றினேன், அந்த மனிதருக்கு உயிரோடு இருந்தபோதுகூட இவ்வளவு பூ கிடைத்திருக்காது. அம்மா பாடுகிற மாதிரியே சுருதி ஒரு படி இறக்கினோம். ட்ரம்பெட்டில் நான் எடுத்த எடுப்பில் தண்ணீர்க் குழாய் வரிசையே திரும்பிப் பார்த்தது, செத்தவர்களில் இரண்டு பேர் புரண்டு படுத்திருப்பார்கள், மாமாவே வில்லை நிறுத்திவிட்டார் என்றால் பார்த்துக்கொள். சரி, அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார், இனி அவர் சொல்லச் சொல்ல. ஆப்பிள் பெட்டிகளை நீயே தூக்காதே, உன் இடுப்பு உங்கம்மா இடுப்பு மாதிரி. கையுறையை நனைந்தபடியே போட்டுக்கொள்ளாதே. குழந்தைக்கு இங்கே பேசுகிற பேச்சையும் சொல்லிக்கொடு, தாத்தா என்று கூப்பிட்டால் எனக்குப் புரிய வேண்டும். அந்தப் பணம் உன் கார்டுக்குத் திரும்பி வந்திருக்கும், கோபித்துக்கொண்டு திருப்பி அனுப்பினேன் என்று நினைத்துவிடாதே. லூப்பே அத்தை மகன் அங்கே வருகிறான், இந்தக் கடிதத்தோடு பால் இனிப்பு கொடுத்தனுப்புகிறேன், அதை வழியில் அவன் தின்னாமல் இருக்க ஜெபம் செய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்காருவேன், மறந்துவிடாதே. எனக்கு முதலில் பேச வராது, நீ பேசு. அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்கக் கூடாது. உனக்கும் உன் வீட்டுக்கும் கடவுளின் ஆசியும் உங்கம்மாவின் ஆசியும் எப்போதும் இருக்கட்டும்.

உன் அப்பா,
ஃபிதென்சியோ அம்ப்ரிஸ்

அக்கா, கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பா முகம் கழுவப் போயிருக்கிறார், அதற்குள் ஓரத்தில் இதை எழுதுகிறேன். ட்ரம்பெட் பற்றி மேலே அளந்ததை நம்பாதே. இரண்டாவது வரியிலேயே என் உதடு நடுங்க ஆரம்பித்துவிட்டது, வெறும் காற்றுதான் வந்தது, மாமா வில்லை நிறுத்தியது அதற்காகத்தான். அப்பா கிட்டாரை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார். பாட்டு அங்கேயே நின்றுபோனது, யாரும் முடிக்கவில்லை. உன் பணத்தைத் திருப்பும்போது கம்பெனி காரணம் கேட்டது, இருந்த பொத்தான்களில் ஏதோ ஒன்று என்று, 'சேவை வழங்கப்படவில்லை' என்பதைத் தொட்டேன். யோசித்துப் பார்த்தால் அது ஒன்றுதான் நான் சொன்ன உண்மை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பேசி முடித்ததும் போனை என்னிடம் கொடுக்கச் சொல், மிச்சப் பாட்டை நீ சொல்லிக்கொடு. எனக்கு அது முழுசாகத் தெரியவே தெரியாது, அம்மா பாடும்போது நான் எப்போதும் நடுவில் தும்மிக் காட்டிக் கேலி செய்துகொண்டிருப்பேன்.