சுவரைத் தாண்டி வந்த கத்தரிக்கோல்

என் வீட்டு எஜமானிக்கு,

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுபவள் பக்கத்து வீட்டு தூபா. கோபப்படாதே. அவள் ஆடு உன் ரோஜாவை மேய்ந்த நாளையும், அன்று நீ போட்டிருந்த பச்சை முக்காட்டையும் நான் மறக்கவில்லை. அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினாய்.

அறுவை சிகிச்சைக்குத் தெஹ்ரான் கிளம்பும்போது, "என் ரோஜா செத்தா நான் திரும்பி வர மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். அடியிலிருந்து ஒரு கிளை ஆள் உயரத்துக்குக் கிளம்பியது. பெருமையோடு கம்பு நட்டுக் கட்டினேன். ஆனால் நீ ஒட்டுக்கட்டிய கிளை வாடிக்கொண்டே வந்தது.

தூபா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டாள்.

"ஏன் மஷ்தி, யாருக்கு இவ்வளவு சீராட்டு?"

"வீட்டுக்காரி ரோஜாவுக்கு."

"மண்ணாங்கட்டி! அது ஒட்டுக்குக் கீழே வேர்ல இருந்து வந்த காட்டு ரோஜா. வீட்டு மருமகளைப் பட்டினி போட்டுட்டு வழிப்போக்கிக்கு விருந்து வெக்கிறீரே!"

கத்தரிக்கோலோடு வந்து, மண்ணைத் தோண்டி, அதை அடியோடு வெட்டினாள். இப்போது உன் கிளை முழுக்க மொட்டு, ஒன்று பூத்தும் விட்டது. கடவுளுக்கும் அவளுக்கும் நன்றி சொல்கிறேன். எழுதுபவள் மூக்கை உறிஞ்சுகிறாள், சளியாம்.

நீ எழுந்து நடப்பதாக நம் மகள் சொல்லி அனுப்பினாள். முதல் பூவைப் பன்னீருக்குக்கூடப் பறிக்கவில்லை. நீ வரும் நாளில் மூன்று தேநீர்க் குவளை வைப்பேன். ஒன்றும் பேசாமல் அவளுக்கும் ஊற்று. அவள் போன பிறகு, அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரன்