கண்ணை மூடிச் சவரம் செய்தவனுக்கு

போன வெள்ளிக்கிழமை மயிலாப்பூரில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சுக்கு வாங்க நின்றிருந்தேன். கண்ணாடி ஜாடியில் படிகாரம் கட்டி கட்டியாக இருந்தது. ஒரு கட்டி கேட்டேன். கடைக்காரர் காகிதத்தில் மடித்துக்கொண்டே, "வாசல்ல கட்டவா சார், ஷேவிங்குக்கா?" என்று கேட்டார். ஷேவிங்குக்குத்தான் என்றேன். வெளியே வந்ததும் ஏனோ அந்தக் கட்டியை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். வாயெல்லாம் இறுகிக்கொண்டது. உன் சமையலறையில் நீயும் ஒருநாள் இதையே செய்தாய். லேபில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று கல்லூரிப் பிள்ளைகளிடம் இருபது வருஷமாகச் சொல்லி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, உடனே நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாய்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்ல ஒரு நல்ல சேதி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் பழையதையும் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். உன்னிடம் நான் எதையும் நேராகச் சொன்னவனில்லை, அது உனக்கே தெரியும்.

நாம் பழகியதே என் கழுத்தினால்தான். தி.நகரில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் முகூர்த்தப் பட்டுப் பகுதி என் பொறுப்பில் இருந்தது. கோவில்பட்டியிலிருந்து வந்து பதினைந்து வருஷம் நின்று பிடித்த இடம் அது. தினமும் மழமழவென்று சவரம் செய்துகொண்டு வர வேண்டும் என்பது கடையின் சட்டம். என் தாடி முடியோ சுருண்டு திரும்பவும் தோலுக்குள்ளேயே போகிற ஜாதி. கழுத்து முழுக்கப் பருப்பருவாக நிற்கும். காலையில் பிளேடு பட்டதும் ஒவ்வொன்றாக உடையும். சட்டைக் காலரில் ரத்தம் இல்லாத நாளே கிடையாது.

ஒருநாள் ஒரு கல்யாண வீட்டார் முன்னால் சந்தன நிறச் சேலையை விரித்துக் குனிந்தேன். முந்தானையில் ஒரு சொட்டு விழுந்தது. பெண்ணின் அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சாயங்காலம் முதலாளி கூப்பிட்டு, கழுத்து ஆறும்வரை குடோனில் இருக்கச் சொன்னார். தோல் டாக்டர் கொஞ்ச நாள் சவரத்தையே விடச் சொன்னார். தாடியோடு கடைப்பக்கம் வரக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். பண்டல்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஊருக்கே திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம்தான் நீ என்னை மாடிப்படியில் நிறுத்தினாய். பெசன்ட் நகரில் எதிரெதிர் வீட்டில் நான்கு வருஷம் இருந்தும், அதுவரை நாம் தலையாட்டிக்கொண்டதோடு சரி. நீ கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் உதவியாளர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கட்டைக் குரலில் பாடுகிறவன் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

"இன்னாபா இது கழுத்து? பூனைகூட சண்டை போட்டுக்கினு வர்றியா?" என்றாய்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் நீ சிரிக்கவில்லை. கிட்டே வந்து, முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று பார்த்தாய். அப்புறம் உன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு நோட்டைக் காட்டினாய்.

அந்த நோட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இணையத்தில் சவரத்துக்கு யோசனை சொல்கிறவர்கள் அத்தனை பேரையும் நீ ஒருத்தர் விடாமல் சோதித்திருந்தாய். பனிக்கட்டியால் முகத்தை மரத்துப்போக வைக்கச் சொன்னவர். தேன் தடவச் சொன்னவர். ஒரே இடத்தில் ஆறு தரம் இழுத்தால்தான் ஆண்பிள்ளை முகம் என்றவர். குளித்து முடிக்காமல் ஷவருக்கு அடியிலேயே செய்யச் சொன்னவர். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். தேன் பக்கத்தில், "எறும்பு வந்தது, வேறு பயனில்லை" என்று எழுதியிருந்தாய். அவர்களைப் பற்றி உனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. விசித்திரமாகச் சொல்கிறான் என்பதற்காக ஒருவனை ஒதுக்காதே, தன் முகத்தைக் கிட்டத்தில் காட்டுகிறானா என்று மட்டும் பார் என்பாய். முக்கால்வாசிப் பேர் காட்டுவதில்லை. நுரை வழிகிற முகத்தைக் காட்டுவார்கள், அப்புறம் துண்டால் துடைத்துவிட்டுச் சிரிப்பார்கள். நடுவில் நடந்தது எதுவும் படத்தில் வராது.

நீ கடைசியில் கண்டுபிடித்த முறை அவர்களுடையதைவிட விசித்திரம். நுரை வேண்டாம், அது முடியை மறைக்கும். வெந்நீரில் நனைத்த துணி ஐந்து நிமிஷம். உள்ளங்கையில் குழைத்த சோப்பு மெல்லிசாக. கண்ணாடி வேண்டாம், கண்ணையும் மூடிக்கொள்ள வேண்டும். இடது கை விரல் முன்னால் போய் முடி சாய்ந்த திசையைத் தடவிச் சொல்லும், வலது கை பிளேடு பின்னாலேயே அந்தத் திசையில் போகும். அழுத்தக் கூடாது. ஒரு தரம், அதோடு சரி. கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய்.

எனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன். உன் குளியலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "கண்ணு தொறந்துகினு இருந்தா அவசரம் வரும். கைக்கு அவசரம் தெரியாதுபா" என்றாய். வேறு வழியில்லாமல் கண்ணை மூடினேன். கழுத்தில் என் முடி மேலிருந்து கீழே வளரவில்லை, காதுப் பக்கமாகச் சாய்ந்து வளர்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாற்பத்திரண்டு வயது. அத்தனை காலமும் அதற்கு எதிராகவே இழுத்திருக்கிறேன்.

கழுத்து ஆற ஐந்து வாரம் ஆயிற்று. முதலாளி பார்த்துவிட்டு, மறுநாளே மேலே கடைக்கு வரச் சொன்னார். அன்று முதல் சேலையை வேண்டுமென்றே நன்றாகக் குனிந்து விரித்தேன்.

உன் முறையை வீடியோவாகப் போடச் சொன்னதும் நான்தான், போனைப் பிடித்ததும் நான்தான். முதலில் பத்துப் பேர் பார்த்தார்கள். அப்புறம் ஊர் ஊராகப் பார்த்தார்கள். நீ முகத்தைக் கிட்டத்தில் காட்டினாய், கீறல் பட்டால் கீறலையும் காட்டினாய். அதற்காகவே வந்தார்கள். கேலி செய்தவர்களும் உண்டு. சாலையையும் கண்ணை மூடிக்கொண்டுதான் கடப்பாயா என்று கேட்டவனுக்கு, கையைப் பிடித்துக்கொள்ள நீங்கள் வருவதாக இருந்தால் கடக்கிறேன் என்று பதில் எழுதினாய்.

ஒரு வீடியோவில் உன் பக்கத்தில் ஓர் எண்ணெய் பாட்டில் வந்து உட்கார்ந்தது. லேபிள் கேமராவைப் பார்த்து இருந்தது. யாரோ அனுப்பினார்கள், நன்றாக இருந்தது, சொல்கிறேன் என்றாய். ஒரு சொட்டு என்று சொன்னவன் இப்போது கழுத்து முழுக்கத் தாராளமாகத் தடவச் சொன்னாய். பருத் தோலுக்கும் ஆகும் என்று சொன்னாய். எனக்கு அது பிடிக்கவில்லை. நீயும் அவர்களில் ஒருவனாகிவிட்டாய் என்று பட்டது. கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம், எட்டடி தூரம். சொல்லவில்லை. வேறு பெயரில் உன் வீடியோவுக்குக் கீழே, "கடைசியில் எல்லாம் யாவாரத்துக்குத்தானா" என்று எழுதினேன்.

மறுநாள் காலை கடற்கரையில் நடக்கும்போது நீ அதை என்னிடமே வாசித்துக் காட்டினாய். "யாரா இருக்கும்?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். தெரியலையே என்றேன். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நீ முன்னால் நடந்தாய்.

அந்த மாதமே ஒருவர், எண்ணெயைத் தடவித் தடவித் தன் கழுத்துப் பருக்கள் சீழ் வைத்துவிட்டதாகப் படம் அனுப்பினார். நீ அவரிடம் போனில் ஒரு மணி நேரம் பேசி டாக்டரிடம் போகச் சொன்னாய். பிறகு என்னைக் கூப்பிட்டு, போனைப் பிடி என்றாய். பாட்டில் இல்லை. நீ மட்டும். "நான் சொன்னது தப்பு. எண்ணெய் எல்லாருக்கும் ஆவாது. எனக்கு நல்லா இருந்துச்சுன்னு உங்களுக்கும் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோங்க" என்றாய். அதோடு நிறுத்தவில்லை. முன்பே ஒருவர் எச்சரித்தார், அவர் பெயர் தெரியாது, அவருக்கு நன்றி என்றும் சொன்னாய்.

கேமராவை அணைத்ததும் சொல்லிவிட்டேன். நான்தான் எழுதினேன் என்றேன். நீ பழைய எண்ணெய் வீடியோவை அழித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாய்: "தெரியும்பா. இந்தப் பக்கத்துல வியாபாரத்தை யாவாரம்னு உன்னை விட்டா எவன் சொல்றான்?"

அப்படியென்றால் அன்று கடற்கரையில் ஏன் கேட்டாய் என்றேன்.

"நீயே சொல்லுவன்னு பாத்தேன். சொல்ட்டியே" என்றாய். அப்புறம் உன் மனைவியிடம் இரண்டு காபி கேட்டாய்.

அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பாட்டுப் பயிற்சி நடக்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. எனக்குக் கடையில் சேதி வந்தது. ஒரு மாதம் சவரம் செய்துகொள்ள மனம் வரவில்லை. முதலாளி அந்த மாதம் என் தாடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி அந்தச் சேதி. உன் மனைவி உன் வீடியோ பக்கத்தின் பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்திருக்கிறார். "கேக்குறவங்களுக்கு அவரு பதில் எழுதாம இருக்க மாட்டாரு. நீங்க எழுதுங்கண்ணே" என்றார். எழுதிவருகிறேன். போன தை மாதம் ஒரு குரல் செய்தி வந்தது. அசோக் நகரில் செல்வராஜ் என்பவர், பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். சர்க்கரையால் பார்வை போய்விட்டது. மனைவிதான் தினமும் அவருக்குச் சவரம் செய்துவிடுகிறார். சித்திரையில் மகளுக்குக் கல்யாணம், அன்றைக்காவது நானே சவரம் செய்துகொள்ள வேண்டும், கண்ணை மூடிச் செய்யலாம் என்கிறீர்களே, நிஜமா என்று கேட்டிருந்தார்.

நீ இருந்தால் அன்றே போயிருப்பாய். நான் மூன்று நாள் தயங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், பரீட்சைக்கு வந்தவர் மாதிரி. சர்க்கரைக்காரர், காயம் பட்டால் ஆறாது. அவருடைய டாக்டரைக் கேட்டு, பழைய ரேசரை மாற்றி, பிளேடுக்கு மேல் காப்புக் கம்பி வைத்தது வாங்கிப் போயிருந்தேன். தாடையின் கீழே காதுப் பக்கமாக இழுக்கச் சொன்னேன். என் கழுத்தின் கணக்கை அவர் கழுத்துக்கும் போட்டுவிட்டேன். இரண்டாவது இழுப்பிலேயே அவர் முகம் சுருங்கியது, தோல் சிவந்தது. அவர் மனைவி ஓடி வந்து, "வேணாம்ணே, நானே செஞ்சு விட்டுர்றேன்" என்று ரேசரை வாங்கக் கையை நீட்டினார்.

நான் சொன்னது தப்பு என்றேன். என் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்ததே எனக்கு ஆச்சரியம். உங்கள் முடி எப்படிப் போகிறது என்று உங்கள் விரலைத்தான் கேட்டிருக்க வேண்டும், நான் பாட்டுக்குச் சொல்லிவிட்டேன், முதலிலிருந்து ஆரம்பிப்போமா என்றேன். அவர் மனைவி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். செல்வராஜ் மெதுவாகத் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் தடவினார். "நேரா கீழ போவுது சார்" என்றார், ஏதோ ரோட்டைச் சொல்வது மாதிரி. அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆறு ஞாயிறு போனேன். கல்யாணத்தன்று மண்டபத்து அறையில் அவர் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் அவர் மனைவியும் வெளியே நின்றோம். அவர் வெளியே வந்ததும் மனைவி அவர் கன்னத்தைத் தொடப் போய், தொடாமல், நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். இடது காதுக்குக் கீழே கொஞ்சம் விட்டிருந்தார். நாங்கள் இருவருமே அதைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே விரலால் கண்டுபிடித்து, ஒரு நிமிஷம் என்று உள்ளே திரும்பிப் போனார்.

இப்போது அவருக்குத் தெரிந்த இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் கொட்டிவாக்கம், பிறவியிலேயே பார்வையில்லாதவர். இவ்வளவு நாள் தானாகவே ஏதோ ஒரு முறையில் செய்துவருகிறாராம், அது சரிதானா என்று பார்க்கச் சொல்கிறார். அவரிடம் நான்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். புதிதாக ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். நான் சொல்லப்போவதில் பாதியாவது தப்பாக இருக்கலாம். முன்பெல்லாம் அந்தப் பயமே என்னை வீட்டோடு வைத்திருக்கும். இப்போது தப்பென்றால் தப்பு என்று அங்கேயே சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறது. அந்தத் தைரியம் நீ விட்டுப்போனது. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கொட்டிவாக்கத்துக்குக் கிளம்புகிறேன்.